சென்னையிலிருந்து டொராண்டோ: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

மகனையோ மகளையோ பார்க்க முதல் முறையாகக் கனடா புறப்படுகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு நேரம் ஆகும்?" ஒருவர் பத்தொன்பது மணி நேரம் என்பார். இன்னொருவர் இருபத்து மூன்று என்பார். மூன்றாமவர், "ஒன்றரை நாள் போய்விடும், தயாராக இருங்கள்" என்பார். டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாலோ, அதிகாலையில் ஏறி அன்று மாலையே இறங்குவதாக அச்சாகியிருக்கும்.

இவர்களில் யாரும் தவறாகச் சொல்லவில்லை. முதலாமவர் வானில் பறக்கும் நேரத்தைச் சொன்னார். இரண்டாமவர் இடையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டார். மூன்றாமவர் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எண்ணினார். டிக்கெட் இரண்டு நாடுகளின் கடிகாரங்களை மட்டும் காட்டியது. இந்த நான்கையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் பயணத்தின் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். சென்னை–டொராண்டோ தடத்தை வைத்தே படிப்படியாகப் பார்ப்போம். வேறு எந்த ஊருக்குப் போகிறவர்களும் இதே வழியில் தங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் படி: எந்த விமான நிலையம், எந்த அலகு

தூரம் காட்டும் இணையதளங்கள் சில, நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு அளக்கின்றன. நமக்கு வேண்டியது விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம். அதற்கு மூன்றெழுத்துக் குறியீட்டைப் பயன்படுத்துங்கள். சென்னைக்கு எம்.ஏ.ஏ.; மதராஸ் என்ற பழைய பெயரின் நினைவாக நிலைத்துவிட்ட குறியீடு. டொராண்டோ பியர்சன் விமான நிலையத்துக்கு ஒய்.ஒய்.இசட். கனடாவின் பெரிய விமான நிலையங்களின் குறியீடுகள் பெரும்பாலும் ஒய் என்ற எழுத்தில்தான் தொடங்கும். டொராண்டோ நகரை ஒட்டிய தீவில் பில்லி பிஷப் என்ற சிறிய விமான நிலையம் ஒன்றும் இருக்கிறது. அதன் குறியீடு ஒய்.டி.இசட். ஓர் எழுத்துதான் வேறுபாடு, ஆனால் நாம் இறங்கப்போவது அங்கே அல்ல.

அடுத்து அலகு. இந்தத் தடத்தின் தூரம் ஓரிடத்தில் 13,390 என்றும், இன்னோரிடத்தில் 8,320 என்றும், வேறோரிடத்தில் 7,230 என்றும் இருக்கும். மூன்றும் ஒரே தூரம்தான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது மைல், மூன்றாவது கடல் மைல். ஒரு மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகளின் கணக்கெல்லாம் கடல் மைலில்தான் நடக்கும்.

இரண்டாம் படி: நேர்க்கோட்டுத் தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் சென்னைக்கும் டொராண்டோவுக்கும் இடையே ஓர் அளவுகோலை வைத்தால் அது அரபிக்கடல், ஆப்பிரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக் என்று மேற்கே போகும். அந்தக் கோட்டை மறந்துவிடுங்கள். உருண்டையைத் தட்டையாக விரித்ததால் வந்த மயக்கம் அது. ஒரு பூகோள உருண்டையை எடுத்து, சென்னையில் நூலின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையை டொராண்டோவில் வைத்து இறுக்கிப் பாருங்கள். நூல் மேற்கே போகாது. ஏறக்குறைய நேராக வடக்கே ஏறும். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையாக இருந்தால் நூலின் நீளம் ஏறத்தாழ 31½ செ.மீ. வரும். அந்த உருண்டையில் ஒரு செ.மீ. என்பது கிட்டத்தட்ட 425 கி.மீ. பெருக்கினால் 13,390க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உருண்டையின் மேல் இழுத்த இந்தக் குறுகிய கோட்டுக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர்.

நூலை நம்பாதவர்கள் பள்ளிக்கூட முக்கோணவியலைக் கொண்டு சரிபார்க்கலாம். மீனம்பாக்கம் வட அட்சம் 12.99 பாகை, கிழக்குத் தீர்க்கம் 80.17. பியர்சன் வட அட்சம் 43.68, மேற்குத் தீர்க்கம் 79.63. ஒன்று கிழக்கிலும் மற்றது மேற்கிலும் இருப்பதால் தீர்க்கங்களைக் கூட்ட வேண்டும்: 159.80 பாகை. இனி இரண்டு பெருக்கல்கள். அட்சங்கள் இரண்டின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.2248 × 0.6906 = 0.155. அட்சங்களின் கொசைன் மதிப்புகளோடு தீர்க்க வேறுபாட்டின் கொசைனையும் பெருக்கினால் 0.9744 × 0.7232 × −0.9385 = −0.661. இரண்டையும் கூட்டினால் −0.506. எந்தக் கோணத்தின் கொசைன் −0.506 என்று கைபேசியின் கணிப்பானில் தேடினால் 120.4 பாகை கிடைக்கும். பூமியின் மேல் ஒரு பாகை என்பது 111.2 கி.மீ. பெருக்கினால் 13,388. பூமி முழு உருண்டை அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டை என்பதால் விடையில் சிறு வேறுபாடு இருக்கும். அரை விழுக்காட்டுக்குள் அடங்கும் பிழை அது, நமக்குப் போதும்.

அந்த 120 பாகையைச் சற்று நின்று பாருங்கள். பூமியில் எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே 180 பாகைக்கு மேல் தூரம் இருக்க முடியாது. 180 என்றால் உருண்டையின் நேர் எதிர்ப்புறம். அப்படியானால் டொராண்டோ நமக்கு எதிர்ப்புறம் போகும் வழியில் மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் இருக்கிறது. கொழும்பிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு இன்னும் 600 கி.மீ. கூடுதல், அங்குள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 14,000 கி.மீ.

இந்த நேர்க்கோடு எந்த எந்த ஊர்களின் மேல் போகிறது என்று தொடர்ந்து போனால் இன்னும் வியப்பு. சென்னையிலிருந்து வடக்கே ஏறி, லாகூர் பக்கமாகக் கடந்து, தாஷ்கந்துக்கு அருகே சென்று, ரஷ்யாவின் யூரல் மலைப் பகுதியைத் தொட்டு, நார்வேயின் வடமுனைக்கு மேலே கடலைக் கடந்து, கிரீன்லாந்தின் பனிப்பாளத்தைக் குறுக்காக வெட்டி, கியூபெக் வழியாக டொராண்டோவில் இறங்கும். பாதையின் மிக உயர்ந்த இடம் வட அட்சம் 73 பாகையைத் தாண்டிவிடுகிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால். வெயிலுக்குப் பேர்போன ஊரிலிருந்து புறப்படுகிறவருக்கு மிகக் குறுகிய வழி வடதுருவத்தின் ஓரமாகப் போகிறது.

மூன்றாம் படி: விமானம் உண்மையில் எந்த வழியே போகிறது

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு இடைநில்லா விமானம் இல்லை. தூரம் அதற்குத் தடையல்ல. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கி.மீ. இடைநில்லாமல் பறக்கும் சேவை இருக்கிறது. ஆனாலும் நாம் எங்காவது ஓரிடத்தில் இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். அந்த இடம் எது என்பதைப் பொறுத்துத் தூரம் மாறும்.

இங்கே ஓர் இனிய செய்தி. டெல்லி நம் நேர்க்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. சென்னை–டெல்லி ஏறத்தாழ 1,760 கி.மீ., டெல்லி–டொராண்டோ 11,640 கி.மீ. கூட்டினால் 13,400. நேர்க்கோட்டைவிடப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் அதிகம். தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போகும் தூரம்கூட இல்லை. லண்டன் வழி போனால் 8,230 கி.மீ.யும் 5,710 கி.மீ.யும் சேர்ந்து 13,940. கூடுதல் 550 கி.மீ. பிராங்பர்ட் வழியும் கிட்டத்தட்ட அதே அளவு. துபாய் வழி 2,930, 11,080 சேர்ந்து 14,010. தோஹா வழி 14,170 வரும். கிழக்கே ஹாங்காங் போய், அங்கிருந்து பசிபிக் பக்கமாகச் சுற்றினால் 16,260; அதாவது 2,900 கி.மீ. அதிகம். கட்டணம் மிகவும் குறைவாக இருந்தாலொழிய வயதானவர்களை நான் அந்த வழியில் அனுப்ப மாட்டேன்.

அப்படியானால் எல்லாரும் டெல்லி வழியே போய்விடலாமே என்று தோன்றும். இங்கேதான் காகிதக் கணக்கும் வானத்துக் கணக்கும் பிரிகின்றன. உக்ரைன் போர் தொடங்கியபின், 2022 பிப்ரவரி இறுதியிலிருந்து, கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விமானங்களுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடிவிட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. பின்னர் அந்தத் தடையை மாதம் மாதமாக நீட்டித்தது. மேலே சொன்ன நேர்க்கோட்டை மறுபடி பாருங்கள்: லாகூர், யூரல். இந்திய விமானத்துக்கு முதலாவது கதவு அடைப்பு, கனடிய விமானத்துக்கு இரண்டாவது கதவு அடைப்பு. அதனால் டெல்லியிலிருந்து புறப்படும் இந்திய விமானம் முதலில் தென்மேற்கே இறங்கி அரபிக்கடல் பக்கம் சுற்றிப் போக வேண்டியிருந்தது. கூடுதல் தூரத்துக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். 2025இல் வட அமெரிக்கத் தடங்களில் சில விமானங்கள் எரிபொருள் நிரப்ப வியன்னாவில் இறங்கி ஏறின. நேர்க்கோட்டில் மிகக் குறுகிய வழி, நடப்பில் நீண்டுபோனது.

எனவே தூரத்தை அளந்து முடித்ததும் அதையே பயண வழியாக நம்பிவிடாதீர்கள். நீங்கள் பதிவு செய்யப்போகும் விமானத்தின் எண்ணை, விமானங்களின் பாதையை நேரலையில் காட்டும் செயலி ஒன்றில் கொடுத்து, கடந்த ஒரு வாரம் அது எந்த வழியே பறந்தது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். விளம்பரம் சொல்லாத உண்மையை அது சொல்லிவிடும்.

இடை நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த நாட்டுக்கு இடைப்பயண விசா தேவையா என்றும் பார்த்துவிடுங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஒரு விதி, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இன்னொரு விதி, செல்லத்தக்க கனடா விசா கையில் இருப்பவருக்கு வேறொரு விதி என்று இருக்கும். விதிகள் மாறவும் செய்யும். அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தைத் தவிர வேறு யார் சொல்வதையும் இதில் நம்ப வேண்டாம்.

நான்காம் படி: பறக்கும் நேரம்

கிலோமீட்டரை 850ஆல் வகுத்து, வரும் மணி நேரத்தோடு முப்பத்தைந்து நிமிடம் சேருங்கள். இதுதான் கைக்கணக்கு. பெரிய விமானம் உச்ச உயரத்தில் மணிக்கு 900 கி.மீ. அளவில் பறக்கும் என்றாலும் ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் இருக்கிறது. சென்னை–துபாய்க்கு இந்தக் கணக்கு நான்கு மணி நேரத்தைத் தரும். நடப்பில் அதைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாகலாம். துபாய்–டொராண்டோவுக்குப் பதின்மூன்றரை மணி வரும். நடப்பில் பதினான்கை ஒட்டி இருக்கும்.

ஏன் நடப்பில் கூடுகிறது? காற்று. நம் தடத்தின் வடபகுதியில், விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமான காற்று ஓடை ஒன்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வலு கூடும். கனடாவுக்குப் போகும்போது அந்தக் காற்றை எதிர்த்துப் போகிறோம். திரும்பும்போது அது முதுகைத் தள்ளிவிடுகிறது. ஆற்றில் எதிர்நீச்சலும் நீரோட்டத்தோடு நீந்துவதும் போலத்தான். லண்டன்–டொராண்டோ ஏறத்தாழ எட்டு மணி நேரம் என்றால், அதே தூரம் டொராண்டோ–லண்டன் ஏழு மணிக்குள்கூட முடியும். ஆகவே போகும் நேரத்தைப் பார்த்துத் திரும்பும் நேரத்தை ஊகிக்கக் கூடாது. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம், விமானம் நிலைய வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வாயிலை அடைவது வரையிலான நேரம். விமானி ஒலிபெருக்கியில், "நம் பறக்கும் நேரம் இவ்வளவு" என்று அறிவிப்பது, மேலெழுவதிலிருந்து தரைதொடுவது வரை. இரண்டுக்கும் அரை மணி வேறுபாடு இருந்தால் விமானம் சீக்கிரமாகப் போய்விடுகிறது என்று பொருளல்ல.

ஐந்தாம் படி: கடிகாரக் கணக்கு

இந்தப் படியில்தான் மிகப் பலர் தடுமாறுகிறார்கள். டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். சென்னையில் ஏறும் நேரம் இந்திய நேரம், லண்டனில் இறங்கும் நேரமும் ஏறும் நேரமும் லண்டன் நேரம், டொராண்டோவில் இறங்கும் நேரம் டொராண்டோ நேரம். இறங்கும் நேரத்திலிருந்து ஏறும் நேரத்தை அப்படியே கழித்தால் வருவது பயண நேரம் அல்ல.

முதலில் ஊர்களுக்கிடையே உள்ள நேர வேறுபாட்டை எழுதி வையுங்கள். இந்திய நேரம், உலகப் பொது நேரத்துக்கு 5½ மணி முன்னால். இலங்கைக்கும் அதுவே. டொராண்டோ குளிர்காலத்தில் 5 மணி பின்னால், கோடையில் 4 மணி பின்னால். ஆகவே சென்னைக்கும் டொராண்டோவுக்கும் குளிர்காலத்தில் 10½ மணி வேறுபாடு, கோடையில் 9½. அங்கே மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுக்கிறார்கள். 2026இல் அந்த நாட்கள் மார்ச் 8, நவம்பர் 1. ஐரோப்பாவும் கடிகாரத்தை மாற்றுகிறது, ஆனால் மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும். இடைப்பட்ட நாட்களில் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் வழக்கமான 5 மணி வேறுபாடு 4 ஆகிவிடும். துபாய் கடிகாரத்தைத் தொடுவதில்லை. மார்ச்சிலோ அக்டோபர் இறுதியிலோ பயணம் என்றால் இதை இருமுறை சரிபாருங்கள்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. சென்னையில் காலை 5.30க்கு ஏறி லண்டனில் முற்பகல் 11.00க்கு இறங்குகிறீர்கள், அங்கே பிற்பகல் 3.00க்கு ஏறி டொராண்டோவில் மாலை 6.00க்கு இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். லண்டன் முற்பகல் 11.00 என்பது நமக்கு மாலை 4.30. ஆக முதல் பறத்தல் 11 மணி நேரம். லண்டன் பிற்பகல் 3.00 என்பது நமக்கு இரவு 8.30, காத்திருப்பு 4 மணி நேரம். டொராண்டோ மாலை 6.00 என்பது நமக்கு வெள்ளிக்கிழமை அதிகாலை 4.30, இரண்டாம் பறத்தல் 8 மணி நேரம். மொத்தம் 23 மணி நேரம்.

சரிபார்க்க ஒரு குறுக்குவழி: ஏறிய கடிகாரத்துக்கும் இறங்கிய கடிகாரத்துக்கும் இடையே 12½ மணி; அதோடு நேர வேறுபாடு 10½ சேர்த்தால் 23. மேற்கே போகும்போது வேறுபாட்டைக் கூட்ட வேண்டும். கிழக்கே திரும்பும்போது கழிக்க வேண்டும். திங்கள் இரவு 8.00க்கு டொராண்டோவில் ஏறி, புதன் அதிகாலை 4.30க்குச் சென்னையில் இறங்கினால் கடிகாரம் 32½ மணி காட்டும். 10½ கழித்தால் 22. டிக்கெட்டில் இறங்கும் நேரத்தின் பக்கத்தில் சிறிதாக +2 என்று இருக்கும். புறப்பட்ட தேதியிலிருந்து இரண்டாம் நாள் என்பது அதன் பொருள். அழைத்துப்போக வருகிறவருக்கு அந்தச் சிறு எண்ணைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

போகும் அந்த வியாழக்கிழமை உங்களுக்கு 34½ மணி நேரம் நீளும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாளுக்கு இத்தனை வேளை என்று மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் எந்தக் கடிகாரத்தைப் பின்பற்றுவது என்று புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். விமானத்தில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்கிற விஷயம் அல்ல இது. மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சென்னையிலிருந்து வெளிநாடு செல்லும் விமானங்கள் பல, நள்ளிரவு தாண்டிப் புறப்படுகின்றன. 15ஆம் தேதி 1.40 மணி விமானம் என்றால் 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் பெரியம்மா ஒருவர் 15ஆம் தேதி இரவு கிளம்புவதற்காக எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். 14ஆம் தேதி மாலை வீட்டுக்கு வந்த என் அண்ணன் டிக்கெட்டை வாங்கிப் படித்ததால் பயணம் தப்பியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தேதியைச் சொல்வதில்லை. "செவ்வாய் இராச் சாப்பாடு முடித்துக் கிளம்பு" என்றுதான் சொல்கிறோம். நீங்களும் நாட்காட்டியில் புறப்படும் தேதியைக் குறிக்காமல், வீட்டை விட்டு இறங்கும் நேரத்தைக் குறியுங்கள்.

ஆறாம் படி: இடையில் எவ்வளவு நேரம் வேண்டும்

மொத்த நேரத்தில் உங்கள் கையில் இருப்பது இந்தப் பகுதி மட்டும்தான். விமான நிறுவனங்கள் ஒன்றரை மணி நேர இடைவெளியிலும் டிக்கெட் விற்கும். விமானம் மாற அந்த விமான நிலையம் வகுத்திருக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரத்துக்குக் குறையாமல் அது இருக்கும். பழகிய இளைஞருக்கு அது போதும். முதல் முறை போகிறவருக்கு, அதுவும் முழங்கால் வலியோடு போகிறவருக்கு, மூன்றிலிருந்து ஐந்து மணி வரை இருப்பது நல்லது. லண்டன், துபாய், பிராங்பர்ட் எல்லாம் நடந்தே களைத்துப்போகும் அளவுக்குப் பெரியவை. மறுபடியும் பாதுகாப்புச் சோதனை உண்டு. ஐந்து மணிக்கு மேல் போனால் களைப்புத்தான் மிஞ்சும்.

சென்னை–டொராண்டோ முழுவதும் ஒரே பதிவில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், ஒரே பதிவில் உள்ளவரை அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பெட்டியும் நேராக டொராண்டோவுக்குப் போகாமல் இடையிலேயே உங்களிடம் வந்து நிற்கும். பத்தாயிரம் ரூபாய் மிச்சம் என்று யாராவது சொன்னாலும் பெற்றோருக்கு இப்படி வாங்கித் தராதீர்கள். 2025 ஜூனில் கத்தார் வான்வெளி திடீரென மூடப்பட்டபோது ஒரே இரவில் எத்தனையோ பேரின் இணைப்புகள் அறுந்தன. அப்படிப்பட்ட நாளில் அந்த ஒரே பதிவுதான் கையில் இருக்கும் பிடிமானம்.

சக்கர நாற்காலி உதவி வேண்டுமானால் டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது. நடக்க முடிந்தவர்கள்கூட முதல் பயணத்தில் கேட்டு வாங்கிக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். மொழி தெரியாத இடத்தில் சரியான வாயிலுக்கு அழைத்துப்போக ஒருவர் கூடவே வருவார் என்பதே பெரிய உதவி.

ஏழாம் படி: வாசலிலிருந்து வாசல் வரை

இனி முழுக்கணக்கு. வேளச்சேரியிலோ அம்பத்தூரிலோ இருப்பவர் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் வர ஒரு மணி நேரம்; புறநகரோ வெளியூரோ என்றால் அதற்கேற்பக் கூடும். விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். பெட்டி ஒப்படைக்கும் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். பிறகு நம் எடுத்துக்காட்டின் 23 மணி நேரம். டொராண்டோவில் இறங்கியபின் குடிநுழைவு, பெட்டி எடுப்பது, சுங்கம் என்று ஒன்றரை மணி. மாணவராகவோ நிரந்தர வதிவிட உரிமையோடு முதல் முறை நுழைகிறவராகவோ இருந்தால் ஆவணச் சரிபார்ப்புக்காக வேறொரு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு இன்னும் ஒன்றிரண்டு மணி சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வீடு ஒரு மணி. கூட்டினால் 29 அல்லது 30 மணி நேரம். "ஒன்றரை நாள்" என்று சொன்னாரே மூன்றாமவர், அவர் உண்மைக்கு மிக அருகில்தான் இருந்தார்.

டொராண்டோ முனையில் சில நிமிடங்களைக் குறைக்க வழி உண்டு. வந்திறங்குவதற்கு 72 மணி நேரம் முன்பிலிருந்தே சுங்க அறிவிப்பை இணையத்தில் நிரப்பி அனுப்பிவிடலாம். பெட்டியில் இருக்கும் உணவுப் பொருட்கள், விதைகள், செடிவகைகள் அனைத்தையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். சொன்ன பொருளைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள், சில சமயம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். சொல்லாத பொருள் அகப்பட்டால் அபராதம். ஊறுகாய்ப் புட்டிகளைப் பெட்டியின் அடியில் புதைக்காமல் மேலாக வைத்தால், திறந்து காட்டச் சொல்லும்போது பத்து நிமிடம் மிச்சமாகும்.

குளிர்காலத்தில் டொராண்டோவிலிருந்து திரும்புகிறவர்கள் இன்னொன்றை எதிர்பார்க்க வேண்டும். எல்லாரும் ஏறிக் கதவு மூடியபின், இறக்கைகளில் படிந்த பனியைக் கரைக்க விமானத்தைத் தனியிடத்துக்கு ஓட்டிப்போய்த் திரவம் தெளிப்பார்கள். பனி பெய்யும் நாளில் வரிசை நீளும். ஜன்னல் வழியே பார்த்துப் பதற வேண்டியதில்லை. பாதுகாப்புக்காகத் தவறாமல் செய்கிற வேலை அது. ஆனால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை திரும்பும் பயணத்தில் இடை நிலையக் காத்திருப்பை ஒரு மணி அதிகமாக வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

அழைத்துப்போக வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். பியர்சன் விமான நிலையம் மிஸிசாகா நகரில் இருக்கிறது. நம் தமிழர்கள் மிகுதியாக வாழும் ஸ்கார்பரோ அதற்குக் கிழக்கே, 401 நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 40 கி.மீ. சாலை காலியாக இருந்தால் நாற்பது நிமிடம். மாலை ஆறு மணிக்கு இறங்குகிறவருக்கு அந்தச் சாலை காலியாக இருக்காது. நகர மையத்துக்குப் போகிறவர்கள் முதலாம் முனையத்திலிருந்து ரயில் ஏறினால் 25 நிமிடத்தில் யூனியன் நிலையம் சேரலாம். பியர்சனில் இருப்பவை முதலாம் முனையமும் மூன்றாம் முனையமும்தான், இரண்டாவதை இடித்துவிட்டார்கள். எந்த முனையத்தில் இறங்குகிறீர்கள் என்பதை டிக்கெட்டைப் பார்த்து முன்பே தெரிவித்தால், வண்டியோடு வருகிறவர் தவறான இடத்தில் காத்திருக்க மாட்டார். மாறி இறங்கிவிட்டாலும் கவலை இல்லை, இரண்டு முனையங்களுக்கும் இடையே இலவச ரயில் ஓடுகிறது.

புறப்படும் நாளில் ஒரு வெள்ளைத் தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: அந்த ஊர் நேரம், இந்திய நேரம், டொராண்டோ நேரம். வீட்டை விட்டு இறங்குவது, முதல் விமானம், இடை நிலையம், இரண்டாம் விமானம், தரையிறங்குவது என்று வரிசையாகப் பெரிய எழுத்தில் தமிழிலேயே எழுதுங்கள். ஒரு படி பயணிக்கு, ஒரு படி சென்னை வீட்டின் குளிர்பதனப் பெட்டிக் கதவுக்கு, ஒரு படி டொராண்டோ வீட்டுக்கு. பயணியின் படியைக் கடவுச்சீட்டுக்குள் மடித்து வையுங்கள். கைபேசியில் மின்சாரம் தீர்ந்தாலும் அந்தத் தாள் கையில் இருக்கும்.